மெட்டுகுடா தெருவுக்கு எத்தனை சீர்?

பாட்டைச் சீர் பிரித்துத் தளை பார்த்துக் கொடுப்பதும் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள், அடுத்தவர் எழுதிய கவிதையை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து கேட்டிராத பாக்கியசாலிகள்.

கேட்டிருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணத்தில் வாழ்த்துப்பா, பணி ஓய்வில் பாராட்டுப்பா, விடிந்தால் வாட்ஸ்அப்பில் காலை வணக்கப்பா என்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கும் நம் இனத்துக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வீட்டு முன்னறையில் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். எங்கள் தமிழ் மன்றத்து ஆண்டு விழாவுக்கு வரும் பாட்டுகளின் யாப்பைப் பார்த்துத் தேற்றிவிடுவது அதன் உபதொழில். மன்றத்துக்கு ஒரே சட்டம்தான். யாப்பு சரியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம். தவறினால், மன்றத் தலைவரே ஆனாலும் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். விதியில் எழுதியிருப்பது "யாப்புக்கு உட்பட்ட பா" என்றுதான். ஆனால் மன்றத்தை ஆரம்பித்தவர்கள் வெண்பாக்காரர்கள் என்பதால் பின்னால் வந்தவர்களும் வெண்பாவையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வேறு பாவோடு என் வாசலுக்கு யாரும் வந்ததில்லை.

வெண்பா கறாரான பேர்வழி. எல்லா வரியிலும் நாலு சீர், கடைசி வரியில் மட்டும் மூன்று. ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதற்குத் தக்கபடிதான் அடுத்த சீர் ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் தளை தட்டிவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் தேமா, புளிமா என்று உருப்போட்டுப் பரீட்சை முடிந்த மத்தியானமே மறந்தோமே, அதே சங்கதிதான். பயப்பட வேண்டாம், கூடவே நான் வருகிறேன்.

போன வருஷம் மன்றம் கொடுத்த தலைப்பு "இரவுத் தெரு". அதில் நான் பட்டதில் கொஞ்சம் கீழே.

ஒரு சீர் ஆயிற்று

முதலில் வந்தவள் ஜெமிமா. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண், சாஃப்ட்வேர் வேலை. தமிழில் பேசினால் எல்லாம் புரிந்துகொள்வாள். பதில் மட்டும் தமிழில் புறப்பட்டு, ஆங்கிலத்தில் வண்டி மாறி, தக்கனியில், அதாவது இந்த ஊர் உருதுவில், வந்து இறங்கும். தமிழ் எழுத்து படிக்க வராது. அப்படிப்பட்டவள் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "ஆன்டி, எனக்கு ஒரு வெண்பா வேணும்" என்றாள், கால் கிலோ காராபூந்தி கேட்கிற மாதிரி.

அவளுடைய அப்பா தேவசகாயம் கூட்ஸ் ரயிலில் கார்டு. சொந்த ஊர் பாளையங்கோட்டை. மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வெண்பா எழுதி, கேக் வெட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்று வாசிப்பார். அவளுக்கு அதில் பாதி புரியாது. "தேங்க்ஸ் டாடி" என்பாள். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்துக் கொடுப்பார். இப்போது அவர் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவும் அவரும் ஊருக்குப் போகிறார்கள், இவள் ஹாஸ்டலுக்கு. மன்றத்து ஆண்டு விழாதான் அவர் இந்த ஊரில் உட்காரப்போகும் கடைசி விழா. அதில் அவருக்குத் தெரியாமல் மேடையேறி, ஒரே ஒரு தடவை அவர் பாஷையில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இவள் ஆசை.

எழுதிக் கொடுக்க மாட்டேன், எழுதிக்கொண்டு வந்தால் பார்த்துக் கொடுப்பேன் என்று கறாராகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. தைரியம் சொல்வதற்காக அவள் பெயரையே பிரித்துக் காட்டினேன். ஜெமி என்பது நிரை, மா என்பது நேர், சேர்த்தால் புளிமா, உன் பெயரே இலக்கணப்படி ஒரு சீர்தான் என்றேன். விரல் மடக்கி எண்ணிவிட்டு, ஆமாம் என்பதற்குத் தக்கனி "ஹவ்" போட்டாள்.

"ஹவ் ஆன்டி, அப்ப ஒண்ணு ஆயிடுச்சு. மிச்சம் எத்தனை எழுதணும்?"

விளக்கு சார்

ராமசுப்பு சார் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மன்றத்துச் செயலாளர். போட்டியாளரும் அவரே. எங்களுடையது சின்ன மன்றம், நாற்காலி போடுகிறவரே நன்றியுரையும் சொல்வார். சார் என் தீர்ப்பை நம்பித் தூங்குகிற ஆள் இல்லை. எக்செல்லில் தானே ஒரு ஷீட் செய்து வைத்திருக்கிறார். சீரைப் போட்டால் தளை பொருந்தினால் பச்சை, தட்டினால் சிவப்பு. அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு சார் எழுதிய குறள் வெண்பா இது:

விளக்கெரியும் வீதி விளக்கின்கீழ் வீதி
விளக்கிருக்க வீதி விளக்கு.

நான் என் பங்குக்குப் பிரித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. எதுகை இருக்கிறது, மோனை கொட்டிக்கிடக்கிறது. நகைக்கடைப் பெட்டி மாதிரி பளபளவென்று இருந்தது, உள்ளே நகைதான் இல்லை. சார், இதில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். விளக்கு எரிகிறது என்றார். அது தெரிகிறது, பிறகு என்றேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழ் வரை பச்சையாக இருந்த கட்டங்களைக் காட்டினார்.

"அர்த்தத்தை அடுத்த வெர்ஷன்ல சேத்துக்கலாம் மேடம், இப்ப இது பாஸா இல்லையா சொல்லுங்கோ."

எருமை வந்த வழி

பாஸ்தான், வேறு என்ன செய்ய. அடுத்த ஞாயிறு குஷாய்குடாவில் இருந்து கணேசனும் அவர் மனைவி லலிதாவும் வந்தார்கள். இரண்டு பேரும் அங்குள்ள எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். கணேசன் எதுகைப் பித்தர். எதுகை என்றால் அடியின் இரண்டாவது எழுத்து அடுத்த அடியின் இரண்டாவது எழுத்தோடு ஒத்துப்போவது. முதல் அடியில் "தெருவில்" என்று எழுதிவிட்டார். அடுத்த அடி "ரு" வரும்படியாக ஆரம்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் யோசித்ததில் ஒரே ஒரு சொல்தான் அவருக்கு வந்து வாய்த்தது:

தெருவில் நிலவு தெளித்த ஒளியில்
எருமை நடந்த அழகு.

யாப்பு சுத்தம். சொல்லப்போனால் எனக்குப் பிடித்தும் இருந்தது. நிலவொளியில் எருமை நடப்பதை யார் பாடுகிறார்கள்? ஆனால் கணேசன் சும்மா இருக்கவில்லை. பாட்டை அவர்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் தெலுங்கு மொழிபெயர்ப்போடு போட்டுவிட்டார். குழுவின் பொறுப்பாளர் அதைக் கவிதை என்று எடுத்துக்கொள்ளாமல் புகார் என்று எடுத்துக்கொண்டு, இரவில் தெருவில் மாடு விடுகிறவர்களை எச்சரித்து அறிவிப்புப் போட்டார். எந்த வீட்டு எருமை என்று விசாரிக்க இரண்டு பேர் கணேசன் வீட்டுக்கே வந்தார்கள். எதுகைக்காக வந்தது என்று அவர்களுக்குத் தெலுங்கில் விளக்க முயன்று கணேசன் தோற்றுப்போனார். சுற்றுவட்டாரத்தில் எருமையே கிடையாது. அடுத்த தடவை வந்தபோது இந்தக் கதையை எல்லாம் என்னிடம் சொன்னது லலிதாதான். கணேசன் ஜன்னல் வழியே எதிர்வீட்டுச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு சரியா இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்துடறேள், இல்லாத எருமைக்கு நான்னா ஊருக்குப் பதில் சொல்லிண்டிருக்கேன்."

நாய் தப்பிக்குமா

நடுவில் ஜெமிமாவின் பாட்டு போனில் வந்து சேர்ந்தது. ஆங்கில எழுத்தில், வரி பிரிக்காமல், ஒரே மூச்சில். தமிழில் எழுதிப் பார்த்துச் சீரை எண்ணினேன். இருபத்து மூன்று. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஐந்து வரிக்கு நாலு நாலாக இருபது, கடைசி வரிக்கு மூன்று, ஆறடி வெண்பாவுக்குக் கச்சிதமான கணக்கு. வெண்பா கேட்டு வந்த பெண் வெண்பாவின் அளவிலேயே எழுதியிருக்கிறாள் என்று நாலு நாலாக வெட்டினேன்.

மேலே நிலவு மெல்ல நடக்கும்
கீழே அப்பா காலணி கேட்கும்
தெருவில் நாய்கள் தெரிந்த ஆளென
வாலை ஆட்டி மறுபடி படுக்கும்
முனைக்கு வந்ததும் மௌனம் கதவு
திறக்கும் காலடி இன்றியே

எண்ணிக்கை சரி, மற்ற எல்லாம் கோளாறு. தட்டிய தளையைத் தேட வேண்டியதே இல்லை, தட்டாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. முதல் வரியிலேயே நிலவு தடுக்கி விழுந்தது. ஐந்தாவது வரியின் கடைசியில் கதவு பாதி திறந்தும் திறக்காமலும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் பாட்டில் ஒரு தெரு இருந்தது. அதில் ஒரு ஆள் நடந்தார். ராமசுப்பு சாரின் வீதியில் இத்தனை வெளிச்சம் இருந்தும் ஒருவரும் நடக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் டாடி என்று கூப்பிடுகிறவள் பாட்டில் அப்பா என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "தமிழ்ல எழுதறேன்ல ஆன்டி" என்றாள்.

எங்கெங்கே தட்டுகிறது என்று போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொருளும் ஓரிடத்தில் இடறுகிறது, அந்த "மௌனம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு போடு, கதவு தொங்குவதாவது தீரும் என்றேன். வேண்டாம் என்பதற்கு அவளுக்கு எப்போதும் தக்கனி "நக்கோ"தான்.

"நிலா, நாய், கதவு எல்லாத்தையும் மாத்திக்கிறேன் ஆன்டி, மௌனத்தை மட்டும் நக்கோ."

இரண்டாம் தடவை

தாமஸ் அங்கிளுக்குச் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறைப் பழக்கம். சர்ச்சில் பாடகர் குழு, அலுவலகத்தில் உருது நண்பர்கள். அவர்கள் கூட்டிக்கொண்டு போன முஷாயிரா என்கிற உருதுக் கவியரங்குகளில் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கிளின் வெண்பாவுக்கும் அந்த வாடை ஏறிவிட்டது. அவர் கொண்டு வந்தது நாலடி வெண்பா என்று பெயர், தாளில் எட்டு வரி இருந்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை எழுதியிருந்தார்.

அங்கிள், பிரதி எடுத்ததில் தவறு நடந்திருக்கிறது என்றேன். தவறெல்லாம் இல்லை, சொல்வதே அப்படித்தான் என்று எழுந்து நின்று காட்டினார். முதல் வரியைச் சொன்னார். வலது கையை நீட்டிக்கொண்டு நிறுத்தினார். எதிரில் நான் ஒருத்திதான். அவர் கையை இறக்குவதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல், முஷாயிராவில் சபாஷுக்குச் சொல்கிற மாதிரி "வா, வா" என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அதே வரியை மறுபடி சொன்னார். நாலு வரிக்கு நாலு தடவை "வா, வா" சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எழுத்தில் நாலு வரிதான் போகும், மேடையில் நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் யாப்புக்குச் சேதமில்லை என்று சமாதானம் செய்து, உபரி வரிகளை அடித்தேன். அவருக்கு முழு மனது இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"நக்கோம்மா, மொதத் தடவை ஜனங்க உன் மூஞ்சியப் பாப்பாங்க, ரெண்டாவது தடவைதான் பாட்டக் கேப்பாங்க."

அந்தத் தெருமுனை

ஜெமிமா இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். தளைக்காக முதலில் நாயைத் துரத்தினாள். பிறகு நிலவை இறக்கினாள். அனுப்பிய ஒவ்வொரு திருத்தத்திலும் தெரு காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியாக அனுப்பியதில் அப்பாவும் மௌனமும்தான் பாக்கி, அதிலும் தளை தட்டியது. பாட்டு கொடுக்கக் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தாள். கண் வீங்கியிருந்தது. டீயை வைத்தேன், தொடவில்லை. "டிராப் பண்ணிடறேன் ஆன்டி. எனக்குத் தமிழ் வராது. டாடிக்கு ஒரு ஷர்ட் வாங்கிக் கொடுத்திடறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, வெண்பாமேல். இத்தனை ஆசையோடு வந்த பெண்ணைச் சட்டை வாங்க அனுப்புகிற யாப்பு எனக்கு எதற்கு? முதலில் எழுதினாயே, அதையே வாயால் சொல்லு என்றேன். அதுவரை அவள் பாட்டை நான் போனில் படித்துத்தான் இருந்தேன், அவள் குரலில் கேட்கவில்லை. கடகடவென்று ஒப்பித்து முடித்தாள். தாமஸ் அங்கிள் ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "முனைக்கு வந்ததும் மௌனம்" என்றவள் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாளோ என்று எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "கதவு திறக்கும் காலடி இன்றியே" என்று முடித்தாள்.

அங்கே ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். "அங்கதான் ஆன்டி டாடி பூட்ஸைக் கழட்டுவாரு" என்றாள். நைட் டூட்டி முடிந்து ஸ்டேஷனில் இருந்து தேவசகாயம் நடந்தே வருவார். ரயில்வே பூட்ஸ், தெரு முழுக்கச் சத்தம் கேட்கும். படுக்கையில் கிடந்தபடி சின்னப் பெண்ணாக இவள் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். தெருமுனைக்கு வந்ததும் சத்தம் நின்றுவிடும். மகள் விழித்துவிடக்கூடாது என்று பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மிச்சத் தெருவை வெறுங்காலோடு நடந்து வருவார். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் இவளுக்கே தெரிந்ததாம். அந்தச் சத்தம் நின்றால்தான் இவளுக்குத் தூக்கம் வரும். இவள் விழித்திருந்தது அவருக்கு அன்றுவரை தெரியாது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. ஆனால் தொழில் புத்தி போகுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளை இழுத்து, நான் வெட்டிய வரியை அடித்துவிட்டு, அவள் நிறுத்திய இடத்தில் வரியை முறித்து எழுதினேன்.

முனைக்கு வந்ததும் மௌனம்
கதவு திறக்கும் காலடி இன்றியே

மூன்று சீர், அதன் கீழே நாலு சீர். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடைசி வரிக்கு முந்தைய வரி மூன்று சீரில் நிற்க, மற்ற வரி எல்லாம் நாலு சீரில் நடக்க, பாட்டு ஏகாரத்தில் முடிந்தால் அது நேரிசை ஆசிரியப்பா. வெண்பாவைவிடப் பெரிய மனசு உள்ளது. வெண்பா கேட்கிற தளைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காது. பாட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம், முதல் நாளே இது தேறிவிட்டது, கத்தரி வைத்த இடம்தான் தப்பு என்று சொன்னேன். அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நாயும் நிலவும் இருக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஏன்" என்பதைத் தக்கனியில் கேட்டாள்.

"அப்ப கைக்கு ஆன்டி, ரெண்டு வாரமா என் நாயை எல்லாம் ஓட்டிவிட்டீங்க?"

சிவப்புக் கட்டம்

அன்று மாலையே ராமசுப்பு சார் போன் செய்தார். ஜெமிமாவின் பாட்டை ஷீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். ரத்தக்களறி என்றார். மேடையேற்ற முடியாது, விதி எல்லோருக்கும் பொது, இந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் புதுக்கவிதைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று குரலை உயர்த்தினார். மன்றத்தில் அவர் குரல் உயர்ந்தால் அதோடு விவகாரம் முடிந்துவிடும். நான் விடவில்லை.

சார், நீங்களே டைப் அடித்த அறிவிப்பைப் படியுங்கள் என்றேன். "யாப்புக்கு உட்பட்ட பா" என்று படித்தார். அதில் வெண்பா என்று எங்கே இருக்கிறது என்றேன். இல்லை, ஆனால் வழக்கம் என்று இழுத்தார். வழக்கமெல்லாம் நாற்காலி போடுவதற்கு, பாட்டுக்கு விதிதான், இது அப்பழுக்கில்லாத நேரிசை ஆசிரியப்பா, உங்கள் ஷீட்டுக்கு வெண்பா மட்டும்தான் தெரியும் என்பதால் சிவப்புக் காட்டுகிறது, யாரைக் கேட்டு வேண்டுமானாலும் சரிபாருங்கள் என்றேன். அடுத்து, ஒரு வரி ஒரு வரியாகப் போனிலேயே சீர் பிரித்துக் காட்டினேன். மனிதர் நியாயஸ்தர். கேட்டுக்கொண்டே இருந்தார். கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"அப்ப இதுக்குத் தனியா ஒரு ஷீட் போடணுமே மேடம்."

மேடை

விழா செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். ராமசுப்பு சார் விளக்கைப் பாடினார். எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். கணேசன் பாடும்போது எருமை வந்த இடத்தில் லலிதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள், ஹால் முழுக்கச் சிரிப்பு. தாமஸ் அங்கிள் கையை நீட்டினார், ஜனங்கள் "வா, வா" என்றார்கள், அங்கிள் அன்று இருபது வயது குறைந்துபோனார்.

தேவசகாயம் மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். யார் பாடினாலும் முழங்கால்மேல் விரலால் தட்டிச் சீர் எண்ணுவது அவர் வழக்கம். விளக்குக்கும் எண்ணினார், எருமைக்கும் எண்ணினார். அடுத்து ஜெமிமா என்று பெயர் வாசித்ததும் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. ஜெமிமா மேடையேறி, கையில் காகிதம் இல்லாமல் நின்றாள். ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்க மாட்டேன் என்று மனப்பாடம் செய்திருந்தாள். "மேலே நிலவு" என்று ஆரம்பித்தாள். அவர் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. காலணி வந்தது, நாய் வந்தது, விரல் கூடவே நடந்தது. "முனைக்கு வந்ததும் மௌனம்" என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். நாலாவது சீருக்காகத் தூக்கிய விரல் அப்படியே நின்றது. ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவள் கடைசி வரியைச் சொல்லி முடித்தபோது விரல் இன்னும் கீழே இறங்கவில்லை.

கைதட்டல் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து மேடைப் படிக்கட்டுக்கு வந்தார். பக்கத்தில் நின்ற ராமசுப்பு சார், "நேரிசை ஆசிரியப்பா, நானே செக் பண்ணேன்" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னார். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஜெமிமா இறங்கி வந்து எதிரில் நின்றாள். எழுதிய பாட்டுக்கு அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று அவளைப் போலவே நானும் காத்திருந்தேன். அவர் அவள் தலைமேல் கையை வைத்தார். யாப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏட்டி, அப்பம் நீ தூங்கவே இல்லியா?"

பாட்டில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் எந்த நேரமும் மாரெட்பள்ளிக்கு வரலாம், மற்றவர்கள் எருமையோடு வந்தாலும் சீர் பிரித்து அனுப்புகிறேன், ஆனால் தயவுசெய்து நான் காலை டிபன் சாப்பிட்ட பிறகு.